தோட்டத்துக் கிணறும் கிருமியின் பத்தாயமும்

"தண்ணியக் கொதிக்க வச்சிக் குடிங்க!" நெகிரி செம்பிலான் மாநிலத்தில், மந்தின் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது காதில் விழுந்து பழகிப்போன வாக்கு. வீட்டில் பாட்டி சொல்வார். தோட்டத்து மருத்துவமனையில் டிரஸர் சொல்வார். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாரும் சொல்வார். ஏன் என்று கேட்டால், "தண்ணியில கிருமி இருக்கு" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

ஆனால், அந்தப் பதிலுக்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கின்றது. காலராக் கிருமி மனிதனின் குடலில் வளர்கிறது. அங்கே அதற்கு உணவுக்குப் பஞ்சமில்லை. கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது? தெளிந்த தண்ணீரில் விழுந்த கிருமி பட்டினியால் சீக்கிரமே செத்தொழிய வேண்டாமா? அடுத்த மனிதன் வந்து அள்ளிக் குடிக்கும் வரை அது எதைத் தின்று உயிரோடு காத்திருக்கிறது?

கேட்பதற்கு எளிய கேள்விதான். விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை வந்த பாதையில் தமிழர்களின் கப்பல் பயணமும், தோட்ட வாழ்வும், அவர்கள் மீது விழுந்த பழியும் கலந்திருக்கின்றன. அதனால்தான் இது வெறும் அறிவியல் செய்தியாக நின்றுவிடாமல் நமது வரலாற்றின் ஒரு பகுதியாகவும் ஆகின்றது.

நெகிரி செம்பிலானில் நடந்த அரிசிச் சோதனை

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவை உலுக்கிய நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப் போகும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இதற்கும் ஏதோ ஒரு கிருமிதான் காரணம் என்று மருத்துவர்கள் பலர் அப்போது நம்பினார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் வேறு விதமாகச் சிந்தித்தார். ஒரே ஊரில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் தமிழர்களுக்கு இந்த நோய் ஏன் அரிதாகவே வருகிறது என்று கேட்டார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியை உண்டார்கள். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டார்கள். வேறுபாடு சோற்றுப் பானையில் இருந்தது. இதை வைத்து 1907ல் அவர் ஒரு நூலே எழுதி வெளியிட்டார்.

அதே 1907ல், அதே மாநிலத்தின் ஜெலுபு பகுதியில் உள்ள டுரியான் தீப்புஸ் என்னும் இடத்தில், சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் சோதனை நடத்தினர். இருவரும் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசி, மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி தோன்றியது. புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துதான் வைட்டமின் பி1 என்பது பின்னர் தெரியவந்தது.

கிருமி என்று நினைத்தது கடைசியில் உணவாக இருந்தது. மனிதன் என்ன உண்கிறான் என்று பார்த்ததால் ஒரு நோயின் முடிச்சு அவிழ்ந்தது. காலராவின் கதையோ இதற்கு நேர் எதிரானது. அங்கே கிருமி என்ன உண்கிறது என்று யாராவது பார்க்க வேண்டியிருந்தது. நெடுங்காலம் அந்தப் பக்கம் அவ்வளவாகக் கவனம் செல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் கப்பலின் மேல் இருந்தது.

கப்பலும் பழியும்

காலரா என்னும் வாந்திபேதி 1817ல் வங்காளத்தில் பெருங்கொள்ளை நோயாகக் கிளம்பியது. 1818ல் சென்னையைத் தாக்கியது. 1819ல் பினாங்கை எட்டிவிட்டது. இந்த ஆண்டுகளைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அப்போது மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் இல்லை. கங்காணியும் இல்லை, சஞ்சிக்கூலி முறையில் கூட்டங்கூட்டமாக வந்த தோட்டத் தொழிலாளர்களும் இல்லை. தோட்டத் தமிழர் இங்கே காலூன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வணிகக் கப்பல்கள் ஓடிய வழியில் காலராவும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

இருந்தும், பின்னாளில் சந்தேகம் முழுவதும் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த ஏழைப் பயணியின் மேல் விழுந்தது. 1873ல் சிங்கப்பூரில் காலரா பரவியது. அதைத் தொடர்ந்து 1874ல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. பினாங்கில் ஜெரஜாக் தீவு அதே பணிக்குப் பயன்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள், கரை கண்ட பிறகும் கரை இறங்க முடியாமல் தீவு முகாம்களில் அடைபட்டனர். துணிமணிகளுக்கு மருந்து, உடம்புக்கு மருந்துக் குளியல், பிறகு வரிசையில் நின்று சோதனை. அதன் பிறகே தோட்டம்.

முகாம் வைத்ததே தவறு என்று சொல்லிவிட முடியாது. காலராக் கிருமி உடலுக்குள் சென்று நோயாக வெளிப்பட சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அந்த நாள்களைக் கடத்திவிட்டால் நோயாளி யார் என்று தெரிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் அது மனிதனை மட்டும் பார்த்த கணக்கு. தண்ணீரில் காத்திருக்கும் கிருமிக்கு எந்த முகாம் போடுவது?

குளத்தில் கண்ட கிருமி

இத்தாலியின் பிலிப்போ பாசினி 1854லேயே காலராக் கிருமியை நுண்பெருக்கியில் கண்டார். அவர் சொன்னதை உலகம் கவனிக்கவில்லை. அதே ஆண்டு லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருக் குழாயின் தண்ணீரைக் குடித்தவர்களே நோயில் விழுந்தனர் என்று காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884ல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்வு நடத்தினார். நோய் பரவிய இடத்தில், மக்கள் குளித்து, துணி துவைத்து, குடிக்கவும் எடுத்த ஒரு குளத்து நீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். காற்புள்ளி போல் வளைந்த கிருமி. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான்.

குளத்தில் கிருமி இருப்பது தெரிந்தது. அங்கே அது எப்படிப் பிழைக்கிறது என்பது தெரியவில்லை.

அடுத்த துப்பு 1905ல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தில் கிடைத்தது. மக்கா சென்று திரும்பிய யாத்திரிகர்களைத் தடுத்து வைத்த எல் தோர் முகாமில், காலராவின் அறிகுறியே இல்லாமல் வேறு நோயால் இறந்த சிலரின் குடலில் இந்தக் கிருமியின் ஒரு வகை காணப்பட்டது. முகாமின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நோயைக் காட்டாமலேயே மனிதனில் தங்கும், தண்ணீரில் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும் வகை இது.

1961ல் இந்த எல் தோர் வகை இந்தோனேசியாவின் சுலாவெசியிலிருந்து கிளம்பியது. அதே ஆண்டில் சரவாக்கைத் தொட்டது. பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று பரவியது. ஏழாவது உலகக் கொள்ளை நோய் என்று அழைக்கப்படும் அந்த அலை இன்னும் ஓயவில்லை. இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு வந்த அந்தப் புதிய காலரா நாகப்பட்டினத்திலிருந்து வரவில்லை. இதே தீவுக் கூட்டத்தின் தண்ணீரிலிருந்தே அது எழுந்தது. தமிழன்தான் நோயைச் சுமந்து வருகிறான் என்ற பழைய நினைப்புக்கு வரலாறு கொடுத்த பதில் அது.

கிருமியின் பத்தாயம்

அப்படியானால், தண்ணீரில் கிருமி பிழைக்கும் இரகசியம் என்ன? தஞ்சாவூர், நாகப்பட்டினம் சீமையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த இரகசியத்தை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். பத்தாயம்!

அறுவடைக் காலத்தில் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைப்பார்கள். வயல் வறண்டு கிடக்கும் மாதங்களில் அதைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குத்திச் சமைப்பார்கள். கிருமியும் இதைத்தான் செய்கிறது. அதன் நெல், கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து.

பிரான்சின் கிளாட் பெர்னார் என்பவர் 1857ல் விலங்கின் ஈரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். சர்க்கரையின் சின்னஞ்சிறு அலகான குளுக்கோஸ், ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு கிளை விட்ட மரம் போல் நிற்பதே கிளைக்கோஜன். நமது ஈரலிலும் தசையிலும் இது இருக்கிறது. காலையில் பசியாறாமல் வேலைக்குப் போனாலும் உடனே மயங்கி விழாமல் இருப்பதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். பிறகு பார்த்தால், ஒற்றைச் செல்லால் ஆன பாக்டீரியாக்கள் பலவும் இதே பொருளைச் சேமிக்கின்றன. நமது குடலில் வாழும் ஈ.கோலை, உணவை நஞ்சாக்கும் சால்மொனெல்லா ஆகியவை அவற்றில் சேரும். பாக்டீரியா எந்த வழியில் குளுக்கோஸைக் கோத்துக் கிளைக்கோஜன் ஆக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஜாக் பிரைஸ் முதலானோர் 1960களிலிருந்து படிப்படியாகக் கண்டறிந்தனர்.

சேமிப்பு எப்போது நடக்கிறது என்பதுதான் சுவையான செய்தி. கிருமி வளரச் சர்க்கரை மட்டும் போதாது. புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். சர்க்கரை நிறைய இருந்து நைட்ரஜன் குறையும்போது, செங்கல் இருந்தும் சிமெண்டு இல்லாத கொத்தனாரைப் போலக் கிருமி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மிஞ்சிய சர்க்கரையை வீணாக்காமல் கிளைக்கோஜன் மணிகளாக்கி உடலுக்குள் அடைத்து வைக்கிறது. வெளியே உணவு தீர்ந்ததும் மணிகளின் கிளை நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துச் செலவழிக்கிறது.

காலராக் கிருமியில் இது எவ்வளவு முக்கியம் என்பதை 2009ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌராசா, கமிலி ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காலரா நோயாளியின் பேதி அரிசி கழுவிய தண்ணீர் போல் இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் கழிவோடு வெளியேறிய கிருமிகளுக்குள் கிளைக்கோஜன் மணிகள் காணப்பட்டன. அதாவது, கிருமி மனிதனை விட்டுப் புறப்படும்போதே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படுகிறது! கிளைக்கோஜனைச் சேமிக்க முடியாதபடி மாற்றப்பட்ட கிருமிகளையும் அவர்கள் சோதித்தனர். சத்தில்லாத குளத்து நீரில் அவை சீக்கிரம் அழிந்தன. குளத்து நீரில் இருந்துவிட்டு எலிக்குஞ்சுகளுக்குள் சென்றபோதும், சேமிப்புள்ள கிருமிகளோடு போட்டியிட முடியாமல் பின்தங்கின.

கோக் கல்கத்தாக் குளத்தில் கண்ட கிருமியின் பிழைப்பு இரகசியத்தில் ஒரு பெரும் பகுதி இவ்வாறு 125 ஆண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்தது.

பத்தாயம் தீர்ந்த பிறகு

பத்தாயமும் ஒரு நாள் காலியாகும். அப்போது கிருமி என்ன செய்யும்? அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெலும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்து வந்தனர். கிருமி சுருங்கி, உறங்குவது போன்ற நிலைக்குப் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் வளராது. செத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் உயிர் இருக்கும். மேலும், தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குச் சிக்காத பூச்சிகளின் ஓட்டில் அது ஒட்டிக்கொள்ளும். அந்த ஓடு கைட்டின் என்னும் பொருளால் ஆனது. அதுவும் சர்க்கரை அலகுகளைக் கோத்துக் கட்டியதுதான். கிருமி அதையும் அரித்துத் தின்னும்.

இதை வைத்து எளிய வழி ஒன்றை அந்தக் குழு வங்காளதேச கிராமங்களில் சோதித்தது. பழைய சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னது. கிருமி தனியாக இருந்தால் துணியின் இழைக்குள் புகுந்துவிடும். பூச்சியோடு ஒட்டியிருந்தால் மாட்டிக்கொள்ளும். 2003ல் வெளியான முடிவின்படி, சேலையால் வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடித்த நமது பாட்டிமார்களின் வழக்கம் வீண் வேலை இல்லை என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1992 அக்டோபரில் சென்னையில் புதிய வகைக் காலரா ஒன்று தலைகாட்டியது. பின்னர் அது ஓ139 என்று பெயரிடப்பட்டது. பழைய காலராவுக்கு எதிராக உடலில் இருந்த எதிர்ப்புச் சக்தி இதற்குச் செல்லவில்லை. அதனால் பெரியவர்களும் ஏராளமாகப் பாதிக்கப்பட்டனர். விரைவில் அது வங்கத்துக்கும் ஆசியாவின் வேறு நாடுகளுக்கும் பரவியது. தண்ணீரில் காத்திருக்கும் கிருமி அங்கேயே சும்மா கிடப்பதில்லை, மாறவும் செய்கிறது என்ற எச்சரிக்கை அது.

தோட்டம் வென்ற வழி

மலாயாத் தோட்டங்களில் இந்தக் கிருமிக்கு எதிராக நடந்த போராட்டம் எப்படிப்பட்டது? கிளைக்கோஜனைப் பற்றி அன்று எந்த டிரஸரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் தண்ணீர்ப் பாதையை அடைக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பிறகு 1923ஆம் ஆண்டின் தொகுப்பும், நல்ல தண்ணீர், கழிப்பிடம், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு எல்லாத் தோட்டத்திலும் நடைமுறையில் இருந்ததில்லை. ஆயினும் கிணற்றுக்குச் சுற்றுச் சுவர் எழுந்தது. கழிப்பிடம் கிணற்றை விட்டுத் தள்ளிப் போனது. காலப்போக்கில் குழாய்த் தண்ணீர் லயத்து வாசலுக்கு வந்தது. 1990ல் வந்த 446ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புகளின் தண்ணீர் வசதியை மீண்டும் முதலாளியின் கடமையாக வற்புறுத்தியது.

சட்டத்தில் எழுதப்படாத இன்னொரு படையும் இருந்தது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் அடுப்பு மூட்டி, ரப்பர் விறகில் தண்ணீர் கொதிக்க வைத்து, கோப்பித் தண்ணீரைப் போத்தலில் ஊற்றிப் பால்வெட்டுக்கு எடுத்துச் சென்ற பெண்கள்தான் அந்தப் படை. அவர்கள் பெயர் எந்த மருத்துவ அறிக்கையிலும் இல்லை. ஆனால் இன்றைய அறிவியலை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்ததன் பெருமை புரியும். கிளைக்கோஜன் பட்டினியிலிருந்துதான் கிருமியைக் காக்கும். நெருப்பிலிருந்து காக்காது. பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும் வீடு தீப்பற்றினால் என்ன பயன்? தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால், நூறு ஆண்டுக் கல்வி கண்ட இரகசியம் முழுவதும் அந்தப் பானைக்குள்ளேயே அழிந்துபோகிறது.

இன்று நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்துக் கிணறுகள் மூடப்பட்டன. குழாயைத் திறந்தால் மருந்து கலந்த தண்ணீர் வருகிறது. ஆகவே காலரா பழைய கதை என்று தோன்றலாம். ஆனால் 2009 நவம்பரில் திரங்கானுவில் அது மீண்டும் தலைதூக்கியது. குழாய் வசதி முழுமையாகச் சென்று சேராத இடங்கள், வெள்ளம் சூழும் காலங்கள், அவசரமாகக் கட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர் கொட்டகைகள், சுத்தம் பாராத ஒட்டுக்கடைகள் ஆகிய எல்லாம் கிருமிக்குத் திறந்து கிடக்கும் வாசல்கள்தான்.

அன்று கப்பலில் வந்த தமிழனைச் சுட்டிய விரல், இன்று விமானத்திலும் படகிலும் வரும் வேறு நாட்டுத் தொழிலாளியைச் சுட்டுகிறது. அந்தப் பழியைச் சுமந்த சமூகம் அதே பழியை அடுத்தவர் தலையில் ஏற்றலாமா? நோய் வந்தால் அந்தத் தொழிலாளியின் நாடு எது என்பதற்கு முன்னால், அவர் குடிக்கும் தண்ணீர் எது என்றுதான் கேட்க வேண்டும்.

மீண்டும் கஞ்சிக்கே வருவோம்

இந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. தண்ணீரில் கிருமியைக் காப்பது சர்க்கரை. நோயில் விழுந்த மனிதனைக் காப்பதும் அதே சர்க்கரைதான்!

காலரா மனிதனைக் கொல்வது உடலின் நீரையும் உப்பையும் வடித்துவிடுவதால். வெறும் தண்ணீர் கொடுத்தால் உடலில் தங்காது. ஆனால் குளுக்கோஸும் உப்பும் சேர்ந்திருந்தால், குடல் அவற்றை ஒன்றாக இழுத்துக்கொள்ளும். நீரும் கூடவே உள்ளே போகும். 1971ல் வங்காளதேசப் போரின்போது, எல்லையில் இருந்த பொன்காவ் அகதி முகாமில் ஊசி மருந்து தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

குளுக்கோஸுக்குப் பதிலாக அரிசிக் கஞ்சியில் அளவாக உப்புச் சேர்த்தாலும் காலராவில் நல்ல பலன் கிடைக்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அரிசியில் இருப்பதும் கோத்துக் கட்டிய குளுக்கோஸ்தானே! வீட்டில் செய்ய வேண்டுமானால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டிய அளவில் கலக்க வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நெகிரி செம்பிலானில் பிராடன் கண்டது தமிழனின் புழுங்கல் அரிசியை. கல்கத்தாவில் கோக் கண்டது குளத்துக் கிருமியை. இரண்டுக்கும் நடுவே, சேமித்த ஒரு பிடி மாவுச்சத்தை நம்பித் தண்ணீரில் பொறுமையாகக் காத்திருக்கிறது அந்தச் சின்னஞ்சிறு உயிர். அதன் பொறுமையை நாம் மாற்ற முடியாது. நமது பொறுமையை இழக்காமல் இருக்க முடியும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருப்பதே அந்தப் பொறுமை. மந்தின் தோட்டத்துப் பாட்டி சொன்ன வாக்கை அடுத்த தலைமுறையின் காதிலும் போட்டு வைப்பது நமது கடமை.